மதினி எனக்கும் சேத்து எடுத்த சோதனை

கூடலூர்ல இருந்து குமுளி மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போறவ நான். விடியமுன்ன ஜீப்பு வந்து ரோட்டுல நிக்கும். அதுக்குள்ள எத்தன பேரு ஏறுவோம்னு என்னையக் கேக்காதீக, செக்போஸ்ட்டுலயே நாங்க சொல்றதில்ல. முன்னால வந்தவ பின்னால வர்றவளுக்குத் தூக்குவாளிய வச்சு எடம் போட்டு வைப்பா. ரேசன் கடையில ஒருத்தி நின்னா நாலு வீட்டுக்குத் தகவல் போயிரும். மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒருத்தி போனாப் போதும், வராதவளுக பேருக்கும் கையெழுத்து விழுந்துரும், அதுவும் ஒவ்வொன்னும் ஒவ்வொரு விதமா, பாத்தா எங்களுக்கே சந்தேகம் வராது. ஒருத்தி வெரலுக்குப் பதிலா இன்னொருத்தி வெரல ரேசன் மிஷின் ஏத்துக்கிட்டிருந்தா அதையும் குடுத்திருப்போம். சாயங்காலம் ஜீப்புல ஏறுனதும், “ஒனக்கும் சேத்துப் போட்டுட்டேன்”னு ஒருத்தி சொல்லுவா, “சரி”ம்பா இன்னொருத்தி. அம்புட்டுத்தான். யாரும் யாருக்கும் நன்றியெல்லாம் சொல்றதில்ல, அதெல்லாம் படிச்சவுக பண்ற சோலி.

இந்த “ஒனக்கும் சேத்து”ல எங்க மதினிய அடிச்சுக்க ஆளே கெடையாது. எங்க அண்ணன் பொண்டாட்டி. என்னைய விடக் கொஞ்சம் மூத்தவுக. பக்கத்து வீடு, ஒரே ஜீப்பு, ஒரே தோட்டம். அட்டை ஏறாம இருக்கக் கால்ல தேய்க்கிற பொகலத்தூளும் உப்பும் அவுக முந்தியில எனக்கும் சேத்து முடிஞ்சிருக்கும். எங்க ஆத்தா செத்த வருசம் நான் சோறு பொங்காமக் கெடந்தப்ப எனக்கும் சேத்துப் பொங்குனதும் அவுகதான். அவுகளுக்குப் பாம்புன்னா பயமில்ல, மலையாளத்துல வையிற சூப்பர்வைசர்னாலும் பயமில்ல, அவரு ஒன்னு சொன்னா இவுக கூடலூர்த் தமிழ்ல ரெண்டு சொல்லுவாக. ஆனா ஆஸ்பத்திரி மேசையப் பாத்துட்டா ஆளு செத்த கோழி கணக்கா ஆயிருவாக. மூணு புள்ளைய எப்படிப் பெத்தாகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

ஒரு நாயித்துக்கெழம எங்க தெருவுக்கு ஒரு புள்ள ஸ்கூட்டியில வந்துச்சு. உத்தமபாளையத்துப் புள்ள, தலையில முக்காடு, தோள்ல பெரிய பை, சிரிச்ச மொகம். ஏதோ ஆராய்ச்சிக்காக வீடு வீடாப் போகுதாம். எங்களையெல்லாம் வேப்பமரத்தடியில உக்கார வச்சு, கர்ப்பப்பை வாயில புத்துநோய் வர்றதப் பத்திப் பேசுச்சு. வாய்னு சொன்னதும் அம்புட்டுப் பேரும் என்னையத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாளுக. எங்க தெருவுல வாய் பெருசா இருக்கவ நான்தான்னு அவளுக நெனப்பு. நானும் விடல, ஆளாளுக்கு ஒன்னு குடுத்தேன்.

அந்தப் புள்ள பையில இருந்து ஒரு குழாயும் நீளமா ஒரு குச்சியும் எடுத்துக் காட்டுச்சு. குச்சி முனையில பிரஷ் மாதிரி இருந்துச்சு. டாக்டர் பாக்க வேணாம், மேசையில ஏற வேணாம், வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு நாமளே உள்ள விட்டுச் சுத்தி எடுத்து, குழாயில இருக்க தண்ணியில கலக்கி மூடிக் குடுத்தாப் போதும்னு சொல்லுச்சு. அதுல மொதல்ல அந்த நோவக் கொண்டு வர்ற வைரஸ் இருக்கான்னு பாப்பாகளாம். பெறகு அதே தண்ணியில என்னென்ன புரதம் இருக்குன்னும் பாப்பாகளாம். எந்தப் புரதம் கூடியிருந்தா எந்தப் பொம்பளைக்கு ஆபத்துன்னு கண்டுபிடிச்சுட்டா, நாளைக்கு யாருமே மேசையில ஏற வேண்டியதில்லையாம். புரதம்னு சொன்னதும் பின்னாடி இருந்து ஒருத்தி, அப்ப முட்ட குடுப்பீகளான்னு கேட்டா. அந்தப் புள்ளைக்கு அழுகுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

எனக்கு ஒன்னுமில்ல, நான் குடுக்க மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். காலையில ஜீப்பு ஏறுனா சாயங்காலம் எறங்குற வரைக்கும் ஒண்ணுக்குப் போக எடமில்லாம அடக்கிக்கிட்டு அலையிறோம், அதப் பத்திக் கேக்க நாதியில்ல, ஆராய்ச்சி பண்ணக் குச்சியத் தூக்கிட்டு வந்துட்டாகன்னு வஞ்சேன். அந்தப் புள்ள பொறுமையாத்தான் கேட்டுச்சு. நீங்க சொல்றதும் ஞாயந்தான்கா, ஆனா இதையும் செஞ்சிருங்கன்னு சொல்லிட்டு, அடுத்த நாயித்துக்கெழம வந்து ஆளுக்கொரு குழாய் குடுத்துட்டு, மறுநாள் ஜீப்பு கெளம்பமுன்ன வந்து வாங்கிக்கிறேன்னு போயிருச்சு. அன்னைக்கு நான் பண்ணைப்புரத்துல ஒரு காதுகுத்துல கறிச்சோறு தின்னுக்கிட்டிருந்தேன். எம் பேரு எழுதுன குழாய மதினி கையில குடுத்துட்டுப் போயிருக்கு.

திங்கக்கெழம ஜீப்புல மலையேறிக்கிட்டு இருக்கயில மதினி எங் காதுக்குள்ள சொன்னாக.

“ஒனக்கும் சேத்து எடுத்துக் குடுத்துட்டேன்.”

எனக்கு மொதல்ல புரியல. புரிஞ்சதும் சிரிப்பாணி தாங்க முடியல, முன்னாடி உக்காந்திருந்தவ தோள்ல முட்டிக்கிட்டுச் சிரிச்சேன். மதினி மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல. நீ எங்க எடுக்கப் போற, பாவம் அந்தப் புள்ள வெறுங்கையோட போகணுமா, ஒரு தடவ வெக்கத்த விட்டாச்சு, ரெண்டாவது குச்சிக்குப் புதுசா என்ன வெக்கம்னு சொன்னாக. அதுவும் சரிதான்னு எனக்குப் பட்டுச்சு. “சரி”ன்னேன். ரேசன் சீனி வாங்கி வச்ச கணக்காத்தான் நெனச்சேன்.

ஒரு மாசம் கழிச்சு அந்தப் புள்ள சாயங்காலமா எங்க வீட்டுக்கு வந்து, கதவச் சாத்தச் சொல்லி, மெதுவா வெசயத்தச் சொல்லுச்சு. எம் பேருல இருந்த குழாயில வைரஸ் இருக்காம். பயப்படாதீங்க, இது புத்துநோயில்ல, இன்னொரு சோதனை பாக்கணும், கம்பத்துக்கு வரணும்னு சொல்லுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. எழுதாத பரிச்சையில பெயிலாப் போனவ இந்த ஒலகத்துலயே நான் ஒருத்திதான். வெடுக்குனு ஏதாச்சும் கேப்பம்னு வாயத் தொறக்குறேன், அந்தப் புள்ள எந்திரிச்சு, அடுத்து ஒங்க மதினி வீட்டுக்குப் போகணும்கா, அவுகளுக்கும் இதே மாதிரிதான் வந்திருக்குன்னு சொல்லுச்சு.

அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. ரெண்டு குடத்துலயும் ஒரே கெணத்துத் தண்ணி. ரெண்டு குழாயிலயும் இருக்கது மதினியோட நோவு. கொஞ்ச நாளா அவுக இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. வெள்ளப்படுது, அசதியா இருக்குன்னு சொன்னப்ப, நமக்கெல்லாம் என்னைக்கு அசதி இல்லன்னு நானே எகத்தாளம் பண்ணியிருக்கேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. மதினி போயிட்டா நான் என்ன செய்வேன்னுதான் ஓடுச்சு. அண்ணனப் பத்திக்கூட நெனைக்கல, என்னையப் பத்தித்தான் நெனச்சேன்.

இதுக்கு நடுவுல எங்க வீட்டுக்காரரு கத வேற. அவரு கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப்பு ஓட்டுறவரு. ராத்திரி அங்கனயே தங்கிட்டேன்னு மாசத்துல சில நாளு சொல்லுவாரு. இந்த வைரஸ் புருசன் பொண்டாட்டி சேர்க்கையில ஒட்டுறதுன்னு அந்தப் புள்ள சொல்லியிருந்துச்சு. குழாய் என்னோடது இல்லன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே. வந்தவருகிட்டச் சோத்தப் போட்டுட்டு, ஒன்னும் கேக்காம, எனக்கு இப்படி வந்திருக்கு, இது இப்படித்தான் ஒட்டுமாம்னு மட்டும் சொன்னேன். மனுசனுக்குக் கையில எடுத்த உருண்ட கையிலயே நின்னுச்சு. ஆத்தா சத்தியமா, மாரியாத்தா சத்தியமான்னு நான் கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாரு. ஒரு வாரம் வேக விட்டேன். பொழுது சாயமுன்ன வீட்டுக்கு வந்தாரு, வரும்போது குமுளியில இருந்து நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிட்டு வந்தாரு. இப்படி ஒரு கிருமி முன்னாடியே வந்திருக்கப்படாதான்னு இருந்துச்சு எனக்கு. அந்த வாரம் பூராம் எங்க அண்ணனப் பாக்கும்போதெல்லாம் மொறச்சேன். மதினிக்கு ஒட்டுனது வேற எங்கன இருந்து வந்திருக்கும்? எதுக்கு மொறைக்கிறேன்னே தெரியாம அவரு பாவம் எங்க வீட்டுப் பக்கம் வர்றதையே நிப்பாட்டிட்டாரு.

கம்பத்துக்கு மதினியக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு. நோம்பு இருக்கு, மாடு கண்டு போடப் போகுது, மழ வருதுன்னு தெனம் ஒரு சாக்கு. கடைசியில, நானும் வர்றேன், எனக்குந்தான வந்திருக்கு, ரெண்டு பேரும் போவோம்னு சொல்லித்தான் பஸ் ஏத்துனேன். டாக்டரம்மாகிட்டப் போனதும் உள்ளதச் சொல்லி, என் குழாய் என்னோடது இல்ல, இவுகள மட்டும் பாருங்கன்னு கழண்டுக்கலாம்னு எம் மனசுல கணக்கு.

டாக்டரம்மா நல்ல மனுசி. எங்கள உக்கார வச்சுப் பேசுனாக. இந்த வைரஸ் முக்காவாசிப் பொம்பளைகளுக்கு ஏதாவது ஒரு வயசுல வந்துட்டுப் போறதுதான், ஒடம்பே வெரட்டிரும், வந்தவுக எல்லாருக்கும் புத்துநோய் வராதுன்னு சொன்னாக. போகாமத் தங்கிட்டாத்தான் தொல்லையாம். தங்குனது வேலையக் காட்டுதா இல்லையான்னு வைரஸ் சோதனையில தெரியாதாம். அதுக்குத்தான் ரெண்டாவது சோதனை. கர்ப்பப்பை வாயில இருந்து டாக்டரே தடவி எடுத்து, அந்தச் செல்லுகளுக்கு ரெண்டு சாயம் ஏத்துவாகளாம். ஒரு புரதம் இருந்தா ஊதா மாதிரியோ பழுப்பு மாதிரியோ ஒரு நெறம், இன்னொரு புரதம் இருந்தா செவப்பு. ஒன்னு செல்லு வளர்றத நிறுத்தச் சொல்ற புரதம், இன்னொன்னு செல்லு வளந்துக்கிட்டு இருக்குங்கிறதக் காட்டுற புரதம். நல்ல செல்லுல இது ரெண்டும் ஒன்னா இருக்காதாம்.

மதினி திருதிருன்னு முழிச்சாக. நான் ஜீப்புக்காரன் பொண்டாட்டியாச்சே, எனக்குப் பட்டுன்னு புடிபட்டுச்சு. குமுளி மலையில எறங்குற வண்டி பிரேக்கும் போடுது, ஆக்சிலேட்டரும் அமுக்குது, ரெண்டும் ஒரே நேரத்துலன்னா அந்த வண்டிக்கு பிரேக் அத்துப் போச்சுன்னு அர்த்தம், அப்படித்தானன்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சுட்டு, கிட்டத்தட்ட அதேதான்னு சொன்னாக. எனக்கு அம்புட்டுப் பெருமை. இவுககிட்ட இனிமே எப்படி உண்மையச் சொல்றதுன்னு அப்பவே கொஞ்சம் தயக்கமாயிருச்சு.

சரி, மதினிய உள்ள போகச் சொன்னா, அவுக வாசல்ல தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக. அந்த மேச கதவு வழியாத் தெரியுது, காலத் தூக்கி வைக்க ரெண்டு பக்கமும் கம்பி. நான் சாகுறேன், ஆனா அதுல ஏற மாட்டேங்கிறாக. கெஞ்சினேன், வஞ்சேன், கையப் புடிச்சு இழுத்தேன். நர்சு வேற, அடுத்த ஆளக் கூப்புடவான்னு கேக்குது. கடைசியில மதினி ஒரு வார்த்த சொன்னாக.

“நீ மொதல்ல ஏறு. ஒனக்கு ஒன்னும் ஆகலன்னா நான் ஏறுறேன்.”

உண்மையச் சொல்லிட்டுக் கழண்டுக்கலாம்னு இருந்த எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. கெரகம்டான்னு ஏறிப் படுத்தேன். அந்த மேசையில படுத்துக்கிட்டு மேல பாத்தா காத்தாடி மட்டுந்தான் சுத்துது, மானம் மருவாதியெல்லாம் வெளிய செருப்போட கெடக்குது. டாக்டரம்மா இருமச் சொன்னாக, இருமுனேன். கொஞ்சம் இழுத்துப் புடிச்ச மாதிரி இருந்துச்சு, அம்புட்டுத்தான். சேலையச் சரி பண்ணிக்கிட்டு வெளிய வந்து, பாத்தீகளா, உசுரோடதான இருக்கேன், போங்கன்னு மதினிய உள்ள தள்ளுனேன். கண்ண இறுக்க மூடிக்கிட்டுப் போனாக. உள்ள இருந்து முருகா முருகான்னு மட்டும் சத்தம் கேட்டுச்சு.

மதினி வெளிய வந்ததும், குழாய் சங்கதிய டாக்டரம்மாகிட்டச் சொல்லிறவான்னு கேட்டேன். மதினி எங் கையில ஒரு கிள்ளு கிள்ளுனாக. சொன்னா நம்மள ஏமாத்துக்காரிகன்னு வஞ்சு அனுப்பிருவாக, பெறகு என்னையப் பாக்க மாட்டாகன்னு அழுகுற மாதிரி ஆயிட்டாக. அந்தப் பயமும் எனக்கு ஞாயமாத்தான் பட்டுச்சு. மதினி நல்லபடியாத் தேறட்டும், பெறகு சொல்லிக்கிருவோம்னு விட்டுட்டேன். பஸ்ஸ்டாண்டுல ரெண்டு பேரும் பன்னீர் திராச்ச வாங்கித் தின்னுக்கிட்டே ஊரு வந்து சேந்தோம்.

முடிவு வர்ற வரைக்கும் தோட்டத்துல எனக்கு வேல ஓடல. மதினி செடிக்கு அடியில குனிஞ்சு காய் எடுக்கும்போது இடுப்பப் புடிச்சா எனக்கு பொக்குன்னு இருக்கும். அவுக கூடையில எங் காய அள்ளிப் போட்டேன். அவுக தூக்குவாளியில எம் பங்கு மீன வச்சேன். என்னத்துக்கு இம்புட்டுப் பாசம், நான் சாகப் போறேனான்னு கேட்டுட்டாக. வாய மூடிட்டுத் தின்னுங்கன்னு வஞ்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

அந்தப் புள்ள மறுபடி வந்தப்ப மதினி எங்க வீட்டுலதான் பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாக. இந்தத் தடவையும் தனியாப் பேசணும்னு சொல்லுச்சு. எதுவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லுன்னேன். மதினியப் பாத்து, ஒங்களுக்கு வைரஸ் மட்டுந்தான் இருக்கு, செல்லுல மாத்தம் எதுவும் இல்ல, ஒரு வருசம் கழிச்சுத் திரும்பப் பாத்தாப் போதும்னு சொல்லுச்சு. எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு. மதினி கன்னத்தப் புடிச்சு ஒரு கிள்ளு கிள்ளுனேன். எந்திரிச்சுக் காப்பி போடலாம்னு சட்டிய எடுத்துக்கிட்டு அடுப்படிக்குத் திரும்புனேன்.

அந்தப் புள்ள என்னையப் பாத்து, ஒங்களுக்குத்தான்கா அந்த ரெண்டு நெறமும் ஒரே செல்லுல வந்திருக்குன்னு சொல்லுச்சு.

நான் சிரிச்சேன். நெசமாவே சிரிச்சேன். ஏ புள்ள, பேர மாத்திட்டீக, அது எங்க மதினியோடது, அதுவும் இல்லன்னா வேற யாரோடதோ, நான் குடுக்கவே இல்லன்னு சொன்னேன். அந்தப் புள்ளைக்கு ஒன்னும் விளங்கல.

“இது நீங்க குழாயில குடுத்தது இல்லக்கா. டாக்டரம்மா ஒங்ககிட்ட இருந்து எடுத்தாங்களே, அது.”

காப்பிச் சட்டி கையில இருக்கு. மேல சுத்துன காத்தாடி ஞாபகம் வந்துச்சு. மேசையில ஏறிப் படுத்தது நான்தான், இருமுனது நான்தான். இது வேற யாரோடதும் இல்ல, என்னோடது. ரெண்டு மாசமா மதினிக்காக அழுதுக்கிட்டு இருந்தேன், எனக்காக அழுக எனக்குத் தோணவே இல்ல. இடுப்பு வலியில்ல, எனக்கு ஒன்னுமே இல்ல, கல்லு மாதிரி இருந்தேன். சட்டிய எறக்கி வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

மறுநாளே டாக்டரம்மாகிட்டப் போயி உள்ளத உள்ளபடி சொன்னேன். குழாய் ரெண்டும் மதினியோடதுன்னதும் அவுக கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாக. வைவாகன்னு பாத்தேன். அப்ப நீங்க குழாயும் குடுக்கல, மேசையிலயும் ஏற வேண்டியதில்ல, மதினிக்காகத்தான் ஏறுனீங்களான்னு கேட்டாக. ஆமான்னேன். கண்ணாடியத் தொடச்சுத் திரும்ப மாட்டுனாக. பெறகு, இது இன்னும் புத்துநோய் ஆகல, ஆகப்போற பாதையில இருக்கு, இப்பவே எடுத்துட்டா ஒன்னுமில்ல, சும்மா விட்டிருந்தா சில வருசத்துல ஒங்களுக்கே தெரியும்படி வந்திருக்கும், அப்ப எங்களால பெருசா ஒன்னும் செய்ய முடிஞ்சிருக்காதுன்னு சொன்னாக.

அவுக ஆராய்ச்சிதான் நாறிப்போச்சு. எங்குழாயில பாத்த புரதம் ஒன்னு சொல்லுது, எஞ் செல்லு வேற ஒன்னு சொல்லுதுன்னு ஏற்கனவே அங்கன மண்டையப் பிச்சுக்கிட்டு இருந்திருக்காக. பாவம், எம் பேருல இருந்த புரதம் எங்க அண்ணன் பொண்டாட்டியோடதுன்னு அவுகளுக்கு யாரு சொல்லுவா. மறுபடி அந்தப் புள்ள எங்க ஜீப்பு வர்ற எடத்துல வந்து நின்னுக்கிட்டு, வேற யாராவது யாருக்காவது சேத்து எடுத்துக் குடுத்தீகளான்னு கேட்டுச்சு. ஜீப்புல இருந்த அம்புட்டுப் பேரும் மலையப் பாத்தாளுக. அந்த மலைய அன்னைக்குத்தான் மொதல்மொதலாப் பாக்குறாப்புல பாத்தாளுக. எங்க தெருவு பூராத்துக்கும் புதுசாக் குழாய் வந்துச்சு.

வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன், இந்தத் தடவ வெளையாட்டுக்கு இல்லன்னு. மொகம் செத்துப் போச்சு. இது எப்ப ஒட்டுச்சு, யாருகிட்ட இருந்து ஒட்டுச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது, இருவது வருசமாக்கூட உள்ள தூங்கிக் கெடக்குமாம். அவரு ஏதோ சொல்ல வந்தாரு. நான் கேக்கல. கேட்டு என்ன ஆகப்போகுது. சிப்ஸ் மட்டும் இன்னைய வரைக்கும் வந்துக்கிட்டு இருக்கு.

ஆனா மதினியத்தான் என்னால தாங்க முடியல. அன்னைக்குப் பூண்டப் போட்டுட்டு எந்திரிச்சுப் போனவுக, பெறகு எங்கிட்ட மொகம் குடுக்கல. ஜீப்புல வேற சீட்டுல உக்காந்தாக. சோறும் சரியாத் திங்கல. என்னன்னு விடாமப் புடிச்சுக் கேட்டதுக்குத் தோட்டத்துல செடிக்கு நடுவுல உக்காந்து ஒரே அழுகை. எந் நோவ ஒம் பேருல எழுதிக் குடுத்துட்டேனே, அதான் எங்கிட்ட இருந்து கெளம்பி ஒங்கிட்ட வந்துருச்சு, எனக்கு இல்லன்னு வந்திருக்கு, ஒனக்கு இருக்குன்னு வந்திருக்கே, வேற எப்படி வரும்னு கேட்டாக. பேருக்கும் நோவுக்கும் சம்பந்தம் இல்ல, ரெண்டு வேற வேற குச்சி, வேற வேற கிருமின்னு பிரேக்கு ஆக்சிலேட்டர் எல்லாத்தையும் மறுபடி ஒருக்கச் சொன்னேன். தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாக. முடிச்சதும், நான் எடுத்ததுனாலதான வந்துச்சுன்னு மறுபடி ஆரம்பிச்சாக.

எனக்குக் கோவம் வந்துருச்சு.

“நீங்க எடுக்காட்டி நான் செத்திருப்பேன் மதினி. நான் எங்க எடுத்திருக்கப் போறேன்? அந்தக் குழாய் வெறுமனயேதான் போயிருக்கும். ஆஸ்பத்திரிப் பக்கமே ஒருத்தரும் என்னையக் கூப்புட்டிருக்க மாட்டாக.”

கத்திட்டேன். சூப்பர்வைசர் எட்டிப் பாத்து, எந்தா சேச்சின்னு கேட்டான். ஒன்னுமில்லன்னு ரெண்டு பேரும் சேந்தே வெரட்டுனோம். மதினி மூக்கத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சாக. நான் சொன்னது ஒன்னுகூட உள்ள போகலன்னு அந்த மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுச்சு.

தேனிக்குப் போயி அந்தக் கெட்ட செல்லுகளச் சுட்டு எடுத்தாக. மெல்லிசா ஒரு வளையக் கம்பி, கரண்டு, மரத்துப் போக ஊசி, அம்புட்டுத்தான். பயந்ததுக்கு அது ஒன்னுமே இல்ல. மேசைகிட்டப் போனதும் மதினி நர்சுகிட்ட, நான் மொதல்ல ஏறிக் காட்டவான்னு கேட்டாக. நர்சு என்னையப் பாத்துச்சு. இவுகளுக்கு ஒன்னுமில்ல, வெளிய உக்காரச் சொல்லுங்கன்னேன். ஆனா வெளிய போக மாட்டேன்னு கதவுகிட்டயே நின்னாக. ஆஸ்பத்திரி மேசைன்னா செத்த கோழியா ஆகுறவுக, என் காலுக்கு நேரா நின்னு கண்ண மூடாமப் பாத்துக்கிட்டு நின்னாக. நான் மேல சுத்துற காத்தாடியப் பாக்கல, அவுகளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

வெட்டி எடுத்ததுல ஓரம் சுத்தமா இருக்கு, வேர் போகலன்னு சொல்லிட்டாக. ஆறு மாசத்துல பாத்தப்பயும் ஒன்னுமில்ல. அந்தத் தடவ நான்தான் குழாய வாங்கிக் கதவச் சாத்திக்கிட்டு எடுத்தேன். மதினி வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, எடுத்துட்டியா, நல்லாச் சுத்துனியான்னு தெருவுக்கே கேக்குறாப்புல கேட்டாக.

சித்திரையில வீரபாண்டி மாரியாத்தா கோயில் திருவிழா. மதினி அக்கினிச்சட்டி நேந்திருக்காகங்கிறது எனக்கு அவுக மஞ்சத்துணி கட்டுன அன்னைக்குத்தான் தெரியும். வஞ்சு பாத்தேன், கேக்கல. அந்த வெயில்ல, வேப்பெலைய வச்சுச் சட்டியப் புடிச்சுக்கிட்டு அவுக நடக்க, நான் குடத்துல தண்ணியோட பக்கத்துலயே போயி, ரோட்டுச் சூடு தெரியாம இருக்கக் காலுக்கு ஊத்திக்கிட்டே வந்தேன். முன்னால சட்டியோட நின்ன ஒரு பொம்பள, யாருக்காக நேந்தீகன்னு மதினிகிட்டக் கேட்டா.

“எங்க நாத்தனாளுக்கு. எனக்கு வரவேண்டியத இவ வாங்கிக்கிட்டா.”

அந்தப் பொம்பள என்னைய ஏற எறங்கப் பாத்தா. பக்கத்துல இருந்தவளும் பாத்தா. ஒருத்தி என்னையக் கையெடுத்துக் கும்புட்டே போட்டா. ஒரு குச்சியக்கூட எடுக்க மாட்டேன்னு சோம்பிக் கெடந்தவ நான், என்னைய மேசையில ஏத்திப் பொழைக்க வச்சவுக கையில நெருப்ப ஏந்திக்கிட்டு எனக்குக் கடன் அடைச்சுக்கிட்டு இருக்காக. இல்லத்தா, இவுகதான் என்னையக் காப்பாத்துனாகன்னு சொல்ல வாயத் தொறந்தேன். எங்க தெருவுலயே பெரிய வாய்னு பேரெடுத்தவளுக்கு ஒரு வார்த்த வரல.

வரிச நகந்துச்சு. கால் சுடுது, வெரச ஊத்துத்தான்னு மதினி அதட்டுனாக. ஊத்துனேன்.